எழுத்தின் வடிவத்தை யார் கற்பிப்பது?

தவளக்குப்பம் சந்திப்பில், கடலூர்ச் சாலையிலிருந்து அபிஷேகப்பாக்கம் சாலை பிரியுமிடத்திற்குச் சற்றுத் தள்ளி, ஒரு மளிகைக் கடையின் பக்கவாட்டுச் சுவரில், தூரிகையால் எழுதப்பட்ட பழைய விளம்பரம் ஒன்று இன்னும் முற்றாக அழியாமல் இருக்கிறது. மஞ்சள் பூசிய தளத்தில் சிவப்பு எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் இடப்புறம் கறுப்பு நிழல். 'பலசரக்கு' என்ற சொல்லின் கடைசி எழுத்தாகிய 'கு', முன்னால் நிற்கும் எழுத்தோடு மோதாமல் சற்றே இறங்கிச் சுழித்துச் செல்லும். இருபத்தைந்து ஆண்டு வெயிலும் உப்புக் காற்றும் தின்றது போக எஞ்சிய அவ்வெழுத்துகளைச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்தே படிக்க முடிகிறது. அதே கடையின் முகப்பில் இப்போது தொங்குவது பிளக்ஸ் பலகை. கணினியிலிருந்த ஏதோ ஓர் எழுத்துருவைப் பலகையின் அகலத்திற்கு ஏற்ப இழுத்து நீட்டியிருக்கிறார்கள். படிக்க முடியாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதைப் படிப்பதில் யாருக்கும் மகிழ்ச்சி இருக்காது.

அந்தச் சுவரை எழுதியவர் நமக்கு அறிமுகமானவர். இப்பகுதியில் போர்டு எழுதுபவராக முப்பதாண்டு வாழ்ந்தவர். சாக்பீஸ் பொடி தடவிய நூலை இருபுறமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிக் கோடு போடுவார்; அந்தக் கோட்டின்மீது எழுத்துகளைக் கண்ணளவிலேயே பங்கிட்டு எழுதுவார். பிளக்ஸ் வந்த பிறகு தொழில் சுருங்கி, வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போனார். அவருடைய மகன் நம் மாணவன். இக்கட்டுரை அவர்கள் இருவரையும், அவர்களுக்கு நாம் சொன்ன ஒரு தவறான அறிவுரையையும் பற்றியது. அதைச் சொல்லும் வழியில், நம் பல்கலைக்கழகங்களில் வரைகலை வடிவமைப்பு என்ற படிப்புக்கும் தமிழ் என்ற படிப்புக்கும் இடையே எழுந்து நிற்கும் ஒரு சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2018ஆம் ஆண்டு பள்ளி இறுதித் தேர்வு முடிந்த சமயம், தந்தையும் மகனுமாக வீட்டிற்கு வந்தார்கள். "சார், இவன் படம் வரையற படிப்பு படிக்கணும்னு நிக்கிறான். அதெல்லாம் காலேஜில இருக்குதா? படிச்சா சோறு கெடைக்குமா?" என்று தந்தை கேட்டார். மகன் ஒன்றும் பேசாமல், தான் எழுதிப் பார்த்த தமிழ் எழுத்துகள் நிறைந்த ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாம் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தோம், பாராட்டினோம். பிறகு, அந்தப் படிப்பெல்லாம் நுழைவுத் தேர்வு, ஆங்கிலம், பெருநகரம் என்று செலவு வைக்கும் என்றும், இவனுக்கு மொழிப்பற்று இருப்பதால் இளங்கலைத் தமிழ் படிக்கட்டும், பின்னர் ஆசிரியர் பயிற்சி முடித்தால் வேலைக்கு வழியுண்டு என்றும் சொன்னோம். அவர்கள் நம் சொல்லை நம்பினார்கள். அவன் தமிழ் படித்தான். நன்றாகவே படித்தான். படித்து முடித்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு டி.டி.பி. சென்டரில் திருமணப் பத்திரிகைகளுக்கு எழுத்துகளை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தான்.

சென்ற ஆண்டு நம் துறையின் கருத்தரங்க மலரை வடிவமைக்கும் பொறுப்பை அவனிடமே கொடுத்தோம். வேலை முடிந்து கொண்டுவந்து காட்டியபோது ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, 'கு'வுல உகரம் ஒரு மாதிரி வருது, 'து'வுல ஒரு மாதிரி, 'பு'வுல இன்னொரு மாதிரி. ஆனா ஆகாரத்துக்கு எல்லா எழுத்துக்கும் ஒரே கால்தான். ஏன் ஐயா?" முதுகலைத் தமிழ் படித்து, கல்லூரியில் இத்தனை ஆண்டுகள் தொல்காப்பிய எழுத்ததிகாரம் நடத்திய நம்மிடம் அதற்கு விடை இல்லை. எழுத்துகளின் பிறப்பு, மாத்திரை, புணர்ச்சி ஆகியவற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேச நம்மால் முடியும். எழுத்தின் வடிவத்தைப் பற்றிக் கேட்டால், கல்வெட்டியல் நூலைப் பார் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இவன் வேறு ஏதேனும் வடிவமைப்புக் கல்லூரியில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அங்கும் விடை கிடைத்திருக்குமா என்று பிறகு யோசித்தோம். கிடைத்திருக்காது என்றே தோன்றுகிறது. அங்குள்ளவர்கள் இது தமிழ்த்துறையின் வேலை என்பார்கள்.

வரைகலை வடிவமைப்பு என்றால் கணினியில் படம் ஒட்டுவது என்றே நம்மவர் பலர் கருதுகின்றனர். போட்டோஷாப்பும் கோரல்டிராவும் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளக் கூடியவை. அதற்கு எதற்கு நான்காண்டுப் படிப்பு என்று கேட்பவர்கள் கல்லூரி ஆசிரியர்களிலேயே உண்டு. பேனா பிடிக்கக் கற்பதும் எழுத்தாளர் ஆவதும் எப்படி வேறோ அப்படித்தான் இதுவும். வடிவமைப்பு பயிலும் மாணவர் கற்க வேண்டியது, ஒரு தாளில் எது முதலில் கண்ணில் படவேண்டும், எது பின்னர், எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே எவ்வளவு வெளி, வரிக்கும் வரிக்கும் இடையே எவ்வளவு, ஒரு வரி எத்தனை சொற்கள் நீளலாம் என்பவற்றை. இவற்றையெல்லாம் ரோமன் எழுத்துகளை வைத்தே கற்பிப்பதுதான் பெரும்பாலான கல்லூரிகளின் வழக்கம். விதிகள் அவ்வெழுத்துகளுக்காகப் பிறந்தவை. அவற்றை அப்படியே தமிழுக்குப் பொருத்தினால் என்ன ஆகும் என்பதை நம் செய்தித்தாள்களில் நாள்தோறும் காண்கிறோம்.

தமிழில் இகர ஈகார விலங்குகள் மேலே சுழிக்கின்றன. உகர ஊகாரங்கள் கீழே இறங்குகின்றன. ஆகவே வரிகளுக்கிடையே வெளி கூடுதலாக வேண்டும். 'ண'வும் 'ஞ'வும் அகன்றவை. 'ர'வும் காலும் ஒடுங்கியவை. 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்காக' என்பது ஒரே சொல். குறுகிய பத்தியில் இருபுறமும் ஓரம் நேராக நிற்க வேண்டும் என்று கட்டளையிட்டால், இத்தகைய நெடுஞ்சொற்களால் வரிக்கு இரண்டு சொற்களும் அவற்றுக்கிடையே பெருவெளியுமாகப் பக்கம் ஓட்டை விழுந்து கிடக்கும். ஆங்கிலத்தில் சாய்வெழுத்துக்கு நெடிய மரபு உண்டு. தமிழில் அதற்கு இணையான மரபு இல்லை. ஆனால் கணினி ஒரு பொத்தானில் தமிழைச் சாய்த்துவிடுகிறது. இவற்றுள் எதுவும் கலை ரசனை பற்றிய சில்லறைப் பிரச்சினை அன்று. சில மாதங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில், வழிகாட்டும் பலகையின்முன் முதியவள் ஒருத்தி நெடுநேரம் நின்றுகொண்டிருந்தாள். ஆங்கிலம் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தது. தமிழ் அதே உயரத்துக்குள் நசுக்கப்பட்டிருந்தது. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ஆயினும், "இதுல என்ன சாமி போட்டிருக்குது?" என்று நம்மிடம் கேட்டாள். படித்த ஒருத்தியை எழுத்தறியாதவளாக ஆக்கிவிட்டது அந்தப் பலகை.

இவ்விடத்தில் ஒருவரை நினைவுகூர வேண்டும். இந்திய ரூபாய்க்கான குறியீட்டை உருவாக்கியவர் கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த த. உதயகுமார் என்பது பலருக்கும் தெரியும். 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு அவருடைய வடிவத்தை ஏற்றுக்கொண்டது. அப்போது செய்தித்தாள்கள் பரிசுத்தொகை இரண்டரை இலட்சம் ரூபாய் என்பதைப் பெரிதாக வெளியிட்டன. அவர் என்ன படித்தார் என்பதை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று, பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழிலக வடிவமைப்பு மையத்தில் காட்சித் தொடர்பியலில் முதுகலை பயின்றவர் அவர். அங்கே மாணவராக இருந்தபோது 'பராசக்தி' என்ற தமிழ் எழுத்துருவை வடிவமைத்தார். அங்கேயே முனைவர் பட்ட ஆய்வுக்கும் தமிழ் அச்செழுத்துகளின் வடிவ வரலாற்றையே எடுத்துக்கொண்டார். பின்னர் குவாஹாட்டி ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறையில் ஆசிரியரானார்.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு தன் நிதிநிலை அறிக்கைக்கான இலச்சினையில் அந்தக் குறியீட்டை விடுத்து 'ரூ' என்ற எழுத்தைப் பயன்படுத்தியபோது மீண்டும் அவர் பெயர் பேசப்பட்டது. மொழி அரசியல் பற்றிய அந்த விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நம்மை உறுத்தியது வேறொன்று. தமிழ் எழுத்தின் வடிவத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற விரும்பிய கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவர் அதற்கு மும்பைக்குப் போக வேண்டியிருந்தது. இரு தரப்பிலும் தமிழைப் பற்றி அவ்வளவு பேசியவர்களில் ஒருவரேனும் இதைக் கேட்டதாக நினைவில்லை.

அவர் ஒருவர் மட்டுமல்லர். இன்று இணையத்தில் பரவலாகப் பயன்படும் 'கட்டமரன்' என்ற எழுத்துருவை வடிவமைத்த பிரியா ரவிச்சந்திரன் எழுத்துரு வடிவமைப்பைப் பயின்றது இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில். 'பாலூ தம்பி', 'முக்த மலர்' ஆகியவை மும்பையிலிருந்து இயங்கும் ஏக் டைப் நிறுவனத்தாரின் ஆக்கங்கள். 'கவிவனர்', 'பவனம்' ஆகியவற்றைத் தந்த தாரிக் அஸீஸ் இலங்கையர். விண்டோஸ் கணினிகளில் நாம் பல்லாண்டு காலம் பார்த்துப் பழகிய 'லதா', மராத்திய எழுத்துக் கலைஞரான ரகுநாத் கிருஷ்ண ஜோஷியின் வழிகாட்டலில் உருவானது. இவர்கள் எல்லோருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். எழுத்து எங்கிருந்து வந்தால் என்ன, நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதும்தான். ஆனால் தமிழ்ப் பயிற்சிமொழி, தமிழாய்வு என்று இத்தனை துறைகளை வைத்திருக்கும் நிலத்தில், எழுத்தின் வடிவத்தைக் கற்க விரும்பும் ஒரு பிள்ளைக்கு அருகில் ஓரிடம் இல்லை என்பது பெருமைப்படத்தக்க செய்தியன்று.

நம் நிலத்திற்கு இந்தக் கலை புதியதும் அன்று. தவளக்குப்பத்திலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலரும் அவருக்குப் பின் பிரெஞ்சு அறிஞர் கசாலும் அகழ்ந்த அந்த மேட்டிலிருந்து தமிழி எழுத்துகள் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவன் பானையின் வளைந்த வயிற்றில் எழுத்தைக் கீறியபோதே, கருவிக்கும் பரப்புக்கும் ஏற்ப எழுத்தை வரைய வேண்டும் என்ற சிக்கல் தொடங்கிவிட்டது. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியவர்கள் அதையே வேறு வகையில் எதிர்கொண்டார்கள்; ஓலை கிழியும் என்பதால் புள்ளியிடாமலே விட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாட்டை நிலைநாட்டியவர் என்று வீரமாமுனிவரைத் தமிழ் வகுப்புகளில் படிக்கிறோம். அவர் செய்ததை எழுத்துச் சீர்திருத்தம் என்ற தலைப்பில் இரண்டு மதிப்பெண் வினாவாக வைத்திருக்கிறோம். இன்றைய சொல்லில் அது எழுத்து வடிவமைப்பு.

அச்சின் கதையும் அப்படியே. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது; பதினாறு பக்கங்கள். 1713இல் தரங்கம்பாடியில், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் எழுத்துகளால் சீகன்பால்கு அச்சிடத் தொடங்கினார். அந்த எழுத்துகள் மிகப் பெரியவை, தாளை விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். தாள் எவ்வளவு, எழுத்து எவ்வளவு, படிப்பவர் கண்ணுக்கு எவ்வளவு என்ற கணக்கை அன்றே போட்டிருக்கிறார்கள். நம் புதுச்சேரிக்கும் இதில் பங்குண்டு. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சு ஆளுநர் வசமிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்கு எடுத்துச் சென்று வேப்பேரியில் பாப்ரிசியுஸ் பாதிரியாரிடம் ஒப்படைத்தனர். சென்னையின் அச்சு வரலாறு புதுச்சேரியிலிருந்து போன அந்த இயந்திரத்தில் தொடங்குகிறது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1855இல் தொடங்கி, மிஷன் அச்சகத்தார் இங்கே தமிழ் பிரெஞ்சு அகராதியை அச்சிட்டார்கள். இரு வேறு எழுத்து முறைகளை ஒரே வரியில் ஒன்றையொன்று அமுக்காமல் நிறுத்துவது எப்படி என்ற சிக்கலை அவர்கள் ஈயத்தைக் கையில் வைத்துக்கொண்டு தீர்த்தார்கள். மருத்துவமனைப் பலகைக்காரருக்கு இன்னும் அது தீரவில்லை. பாரதியின் 'இந்தியா' இதழ் 1908இல் இங்கு இடம்பெயர்ந்து வந்தபோது கருத்துப்படங்களும் உடன் வந்தன. படத்தையும் சொல்லையும் ஒரே பக்கத்தில் இணைத்துப் பேச வைக்கத் தமிழிதழியல் கற்றுக்கொண்ட இடங்களுள் இந்த ஊரும் ஒன்று.

பதிப்பு வரலாற்றை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். ஆறுமுக நாவலர் நிறுத்தக்குறிகளைக் கையாண்டு பதிப்பித்தார் என்கிறோம். மர்ரே எஸ். ராஜம் 1950களில் சந்தி பிரித்து மலிவுப் பதிப்புகளைக் கொண்டுவந்தார் என்கிறோம். தொடர்ந்து ஓடிய ஓலையின் வரியைச் சொல்சொல்லாகப் பிரித்து, அடியடியாக அமைத்து, உரையைச் சிறிய எழுத்தில் கீழே வைத்தது யாருடைய வேலை? புலமைதான் அதைச் செய்தது. ஆனால் அது பக்க வடிவமைப்பும் ஆகும். சங்கப் பாடலை இன்று ஒரு கல்லூரி மாணவன் படிக்க முடிகிறதென்றால் அதில் பாதி அந்த வெற்றிடங்களின் கொடை. இதை வகுப்பில் ஒருநாளும் நாம் இப்படிச் சொன்னதில்லை. அன்று அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நின்ற பிறகுதான் நமக்கே இது புலப்பட்டது.

உலகின் பிற இடங்களில் நடந்ததோடு ஒப்பிடும்போது நாம் பின்தங்கியவர்களாகவும் இல்லை. ஜெர்மனியின் பவுஹவுஸ் கலைப்பள்ளியில் ஹெர்பர்ட் பேயர், பெரிய எழுத்து சிறிய எழுத்து என்ற இரட்டை வழக்கை நீக்கி ஒரே வரிசையில் எழுத்துகளை வரைந்தது 1925இல். பெரியார் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கியது 1935இல். இரண்டும் ஏறத்தாழ ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை: கற்பவனுக்கும் அச்சுக் கோப்பவனுக்கும் தேவையற்ற சுமை எதற்கு? பேயரின் முயற்சியை உலகெங்கும் வடிவமைப்பு மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஆணையால் 'ணை', 'லை', 'னா', 'றா' முதலிய பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவம் மாறியதும், பல கோடிப் பேரின் கண்பழக்கம் ஒரு தலைமுறைக்குள் மாறியதும் எந்த வடிவமைப்பு வகுப்பில் பாடமாக இருக்கின்றன? வா.செ. குழந்தைசாமி இகர, உகர வரிசைகளையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என வாதிட்டதும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் நம் மாணவன் கேட்ட கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையவை. ஏற்பதும் மறுப்பதும் பிறகு. அறிந்திருக்கவாவது வேண்டாமா?

கலைப் பள்ளியும் இலக்கியமும் சந்தித்தால் என்ன விளையும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. அங்குப் பயின்ற கே.எம். ஆதிமூலம், தமிழ்ச் சிற்றிதழ்க்காரர்களோடு நட்புக் கொண்டு, இதழ்த் தலைப்புகளையும் நூல் அட்டைகளையும் கோட்டோவியங்களையும் எழுத்தாளர்களுக்காக வரைந்தார். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்தபோது உடன்வந்த ஆதிமூலத்தின் கோடுகளை மறந்தவர் உண்டோ? 1974இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய க்ரியா பதிப்பகம், நூலின் தாளும் எழுத்தும் ஓரமும் உள்ளடக்கத்திற்குத் தரும் மரியாதை என்பதைக் காட்டியது. நாற்பதைக் கடந்த நம் போன்றவர்களுக்குத் தமிழ் நூலொன்றைக் கையில் எடுத்ததும் ஏற்பட்ட முதல் மகிழ்ச்சிகளில் சில அவர்கள் தந்தவை. ஆனால் அவை தனிமனித நட்புகளில் விளைந்தவை. அந்த நட்பைப் பாடத்திட்டமாக யாரும் மாற்றவில்லை.

நண்பர்கள் சிலரிடம் இதைப் பேசியபோது எழுந்த மறுப்புகள் மூன்று. முதலாவது, இலக்கியத்துக்கு உள்ளடக்கம்தான் முக்கியம், உடை எதற்கு என்பது. கவிதையின் அடிகளை எங்கே முறிப்பது என்று ஓர் இரவு முழுவதும் யோசிக்கும் நம் புதுக்கவிஞர்கள் இதைச் சொல்லலாகாது. அடியை முறிப்பவனுக்குப் பக்கத்தின் வெற்றிடம் தேவைப்படுகிறது.

இரண்டாவது, இது வசதி படைத்தோரின் படிப்பு என்பது. 2018இல் நாமே சொன்ன மறுப்பு இது. ஆகவே இதன் வலிமையை நாம் அறிவோம். ஐ.ஐ.டி.களின் இளநிலை வடிவமைப்புப் படிப்புக்கான யூசீட் தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. தமிழ்வழியில் படித்த, போர்டு எழுதுபவரின் மகனுக்கு அந்தக் கதவு குறுகலானதே. ஆனால் கதவு குறுகல் என்பதற்காக அவனைத் திருப்பி அனுப்பியது நம் தவறு. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பு வடிவமைப்புப் படிப்பு உண்டு. நமக்குக் கூப்பிடு தூரத்தில் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. அன்று இவற்றைப் பற்றி ஒருநாள் விசாரித்துச் சொல்லக்கூட நமக்குத் தோன்றவில்லை. அவனுடைய வறுமையைக் காரணம் காட்டி நம் அறியாமையை மறைத்துக்கொண்டோம்.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனிப் படம் வரைய மனிதர் எதற்கு என்பது. அத்தகைய கருவிகளிடம் தமிழ்ச் சுவரொட்டி கேட்டுப் பார்த்தவர்கள், 'ழ'வும் 'ளு'வும் அடையாளம் தெரியாமல் சிதைந்து வந்ததைக் கண்டிருப்பார்கள். நாளை அவை திருந்தலாம். திருந்துவதென்றால் நல்ல தமிழ் எழுத்துகளைப் பார்த்துத்தான் திருந்த வேண்டும். எது நல்ல எழுத்து என்று சொல்லும் கண் மனிதனிடம் இருக்க வேண்டும். பிளக்ஸ் இயந்திரம் வந்தபோது தோற்றது தூரிகை மட்டுமன்று. இழுத்து நீட்டப்பட்ட எழுத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் பழக்கமும் அதனோடு போய்விட்டது. அந்தப் பழக்கத்தைத் திருப்பித் தரக் கல்லூரியால் முடியும்.

நாம் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. தமிழ் இளங்கலை, முதுகலைப் பாடத்திட்டங்களில் ஒரு தாள் எழுத்துவடிவமும் நூலாக்கமும் பற்றி இருக்கட்டும். அதில் பாதி செய்முறையாக அமையட்டும்: மாணவர் ஒரு பாடலை எடுத்து மூன்று விதமாகப் பக்கம் அமைத்து, எது ஏன் படிக்க இலகுவானது என்று எழுதிக் காட்டட்டும். வடிவமைப்பும் விஸ்காமும் கற்பிக்கும் கல்லூரிகளில், முதலாண்டில் மாணவர் வரையும் எழுத்துகளில் சரிபாதி தமிழாக இருக்கட்டும். அங்கு ஒரு பருவத்திற்கேனும் தமிழாசிரியர் சென்று எழுத்தின் வரலாற்றைச் சொல்லட்டும். அங்குள்ள ஆசிரியர் நம் வகுப்புக்கு வந்து எழுத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கட்டும். எஞ்சியிருக்கும் போர்டு எழுதுபவர்களையும், ஈய எழுத்துக் கோத்த கம்பாசிட்டர்களையும் வகுப்புக்கு அழைத்து மதிப்பூதியம் தந்து பேசச் சொல்லட்டும். அவர்கள் கையிலிருக்கும் அறிவு எந்த நூலிலும் இல்லை, அவர்களோடு போய்விடும்.

இதற்குப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் எது? பானை ஓட்டெழுத்துகள் கிடைத்த மேடு ஒருபுறம். பிரெஞ்சும் தமிழும் சேர்ந்து நிற்கும் நீல நிறத் தெருப்பலகைகள் ஒருபுறம். நேர்த்தியான அச்சுக்குப் பெயர்பெற்ற அரவிந்தர் ஆசிரம அச்சகம் ஒருபுறம். ஒரு மாணவன் மிதிவண்டியில் ஒரே நாளில் இவையனைத்தையும் பார்த்துவிட்டு மாலைக்குள் தவளக்குப்பம் திரும்பிவிடலாம். அதற்கு ஒரு கட்டடமோ பெருநிதியோ தேவையில்லை. இரண்டு துறைகள் ஒன்றோடொன்று பேசினால் போதும்.

நம் மாணவன் இவ்வாண்டு வடிவமைப்பில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறான். மாலை வேளைகளில் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நுழைவுத் தேர்வுக்கான ஆங்கிலம் பயில்கிறான். கிடைக்கும் என்று உறுதி சொல்ல நம்மால் இயலாது. பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தோம்; அதில் முதன்முறையாக ஒரு தமிழாசிரியரின் கையொப்பத்துடன், இவனுக்கு எழுத்தைப் பார்க்கத் தெரியும் என்ற தொடரை எழுதினோம். உகரக் குறிகளைப் பற்றிய அவன் கேள்விக்கு விடை தேடிக் கல்வெட்டியல் நூல்களை நாமும் புரட்டிக்கொண்டிருக்கிறோம், பாதி விளங்கியிருக்கிறது.

சென்ற வாரம் அவனுடைய தந்தையைச் சந்திப்பில் கண்டோம். அந்த மளிகைக் கடைச் சுவரைக் காட்டி, அவ்வெழுத்துகளைப் படமெடுத்து வகுப்பில் காட்டப் போவதாகச் சொன்னோம். அவர் சிரித்தார். "பழசு சார் அது. 'ர'வுல காலு கொஞ்சம் சாஞ்சிடுச்சி. வகுப்புல காட்டறதா இருந்தா சொல்லுங்க, வேற ஒண்ணு எழுதித் தரேன்" என்றார். அடுத்த பருவம் தொடங்கியதும் அவரையே அழைத்து வந்து கரும்பலகையில் எழுதச் சொல்வதாக இருக்கிறோம்.